அகல டயர்: எதற்கு, எவ்வளவு, எந்த விலையில்?

கார் வாங்கிய கையோடு அதில் எதையாவது மாற்றிப் பார்க்க நினைப்பவர்களில் பெரும்பாலோர் முதலில் கை வைப்பது சக்கரத்தில்தான். எஞ்சினைத் தொட்டால் வாரண்டி போய்விடும். நிறத்தை மாற்றினால் பதிவுச் சான்றிதழையும் திருத்த வேண்டும். நான்கு அலாய் வீலும் அகலமான டயரும் போட்டால் ஒரே பிற்பகலில் வண்டியின் தோரணை மாறிவிடும். சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையின் கார் அலங்காரக் கடைகளில் இந்த வியாபாரம் ஓயாமல் நடக்கிறது. "எத்தனை இன்ச் போடலாம்?" என்று கடைக்காரர் கேட்கிறார். "இன்னும் கொஞ்சம் அகலமாகப் போகுமா?" என்று வாங்குபவர் கேட்கிறார்.

இந்த இரண்டு கேள்விகளும் கடைசியாகக் கேட்க வேண்டியவை என்பதே இக்கட்டுரையின் வாதம். சக்கரத்தின் மொத்த விட்டம், ரிம்மின் ஆஃப்செட், டயரின் சுமைத் திறன், ரப்பரின் தரம் ஆகிய நான்கும் முடிவான பிறகு மிஞ்சும் இடத்துக்குள் அகலம் தானாகவே அமைந்துவிடும். அகலத்தை முதலில் முடிவு செய்துவிட்டு மற்றவற்றை அதற்காக வளைக்கும்போதுதான் மட்கார்டு உரசுவதும், பேரிங் சத்தம் போடுவதும், மழையில் கார் மிதப்பதும் தொடங்குகின்றன. அளவுகளையும் பின்னணியையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

அகலத்தின் கதை

கார் டயர்கள் நெடுங்காலம் ஒல்லியாகவும் உயரமாகவுமே இருந்தன. 1946இல் மிஷெலின் நிறுவனம் காப்புரிமை பெற்று, 1949இல் சந்தைக்குக் கொண்டுவந்த ரேடியல் டயர்தான் அடித்தளத்தை மாற்றியது. ரேடியல் அமைப்பில் டயரின் பக்கச்சுவர் தனியாக நெகிழும். தரையைத் தொடும் பகுதியை எஃகுப் பட்டை இறுக்கிப் பிடித்திருக்கும். பக்கச்சுவரைக் குட்டையாக்கி, தரைப்பகுதியை அகலமாக்கும் வழி இதனால் திறந்தது. 1970களின் நடுவில் பிரெல்லியின் பி7 டயர் அந்த வழியில் முன்னே சென்றது. லான்சியா ஸ்ட்ராட்டோஸ் ராலி காருக்காக உருவான அந்த டயர், விரைவிலேயே போர்ஷே 911 டர்போவில் சாலைக்கு வந்தது. "வேகமான கார் என்றால் அகலமான, குட்டையான டயர்" என்ற எண்ணம் மக்கள் மனத்தில் பதிந்தது அந்தக் காலத்தில்தான்.

ரிம் பெரிதானதற்கு இன்னொரு பொறியியல் காரணமும் உண்டு. வேகம் கூடக் கூட பிரேக் டிஸ்க் பெரிதாக வேண்டும். பெரிய டிஸ்க்குக்கு ரிம்முக்குள் இடம் வேண்டும். மொத்த விட்டம் மாறக் கூடாது என்பதால் டயரின் பக்கச்சுவர் குறைந்தது. பெரிய ரிம், குட்டை டயர் என்ற சேர்க்கை இப்படித்தான் பிறந்தது. பிரேக்கை மாற்றாமல் ரிம்மை மட்டும் பெரிதாக்குபவருக்கு இதில் பாதிக் காரணம் இல்லை.

அகலம் கூடுவது மட்டுமே முன்னேற்றம் என்றும் சொல்ல முடியாது. ஃபார்முலா 1 பந்தயத்தில் 2017இல் முன்டயரை 245 மில்லிமீட்டரிலிருந்து 305க்கும், பின்டயரை 325இலிருந்து 405க்கும் அகலப்படுத்தினார்கள். 2026 விதிகளில் காற்றுத் தடையையும் எடையையும் குறைப்பதற்காக மறுபடியும் அகலத்தைக் குறைத்தார்கள். பி.எம்.டபிள்யூ. ஐ3 என்ற மின்காரை 155/70 ஆர்19 என்ற ஒல்லியான, உயரமான டயரோடு விற்றார்கள். உருளும் தடையையும் காற்றுத் தடையையும் குறைத்து மின்கலத்தில் கூடுதல் தூரம் ஓட்டுவதே நோக்கம். டொயோட்டா 2012இல் வெளியிட்ட ஜி.டி.86 ஸ்போர்ட்ஸ் காரில் 215/45 ஆர்17 என்ற அளவான டயரையே போட்டது. கார் எந்த இடத்தில் பிடியை இழக்கிறது என்பது ஓட்டுபவருக்கு மெதுவாகவும் தெளிவாகவும் புரிய வேண்டும் என்று அதன் பொறியாளர்கள் விரும்பினார்கள். ஆக, அகலம் என்பது ஒரு நோக்கத்துக்கான கருவி. நோக்கத்தைச் சொல்லாமல் அளவைச் சொல்ல முடியாது.

தரையைத் தொடும் இடத்தில் நடப்பது

அகல டயர் போட்டால் தரையில் அதிக ரப்பர் படும், ஆகவே அதிகப் பிடி கிடைக்கும் என்பது பரவலான நம்பிக்கை. இதில் முதல் பாதி ஏறக்குறைய தவறு. டயர் தரையைத் தொடும் பரப்பு முக்கியமாக இரண்டைப் பொறுத்தது: அதன் மேல் இருக்கும் எடை, உள்ளே இருக்கும் காற்றழுத்தம். மாருதி ஸ்விஃப்ட் போன்ற ஒரு காரின் முன்சக்கரம் ஒன்றின் மேல் 300 கிலோ இருப்பதாகவும், காற்று 33 பி.எஸ்.ஐ. இருப்பதாகவும் கொள்வோம். அந்த அழுத்தம் ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 2.3 கிலோ. வகுத்துப் பார்த்தால் 130 சதுர சென்டிமீட்டர் வரும். தபால் நிலையத்தில் விற்கும் அஞ்சல் அட்டை எவ்வளவு இருக்குமோ அவ்வளவுதான். டயரின் விறைப்பைப் பொறுத்து இந்தக் கணக்கு கொஞ்சம் முன்பின்னாகும். ஆனால் 185ஐக் கழற்றி 205ஐப் போட்டதால் மட்டும் அந்தப் பரப்பு பெரிதாகக் கூடிவிடாது.

மாறுவது வடிவம். முன்னும் பின்னும் நீண்டிருந்த பரப்பு சுருங்கி, பக்கவாட்டில் விரிகிறது. இதனால் கிடைக்கும் நன்மைகள் உண்மையானவை. வளைவில் ரப்பர் குறைவாக முறுக்கிக்கொள்கிறது. ஸ்டியரிங்கைத் திருப்பியதும் கார் உடனே பதில் சொல்கிறது. சூடு அதிக ரப்பரில் பரவுவதால் தொடர்ந்து வேகமாக ஓட்டும்போது டயர் சீக்கிரம் களைப்பதில்லை. இருங்காட்டுக்கோட்டையிலோ கோவை கரி ஸ்பீட்வேயிலோ சுற்றிச் சுற்றி ஓட்டுபவருக்கு இந்தக் கடைசிக் குணம் பெரிய சொத்து. அகலம் இருப்பதால்தான் பந்தயக்காரர்கள் மிக மென்மையான ரப்பரைப் பயன்படுத்த முடிகிறது; அதே ரப்பரை ஒல்லியான டயரில் வைத்தால் சில சுற்றுகளிலேயே கரைந்துவிடும்.

சாலையில் ஓடும் காருக்கு இங்கே ஒரு பாடம் இருக்கிறது. பிடியைத் தருவதில் ரப்பர் கலவைக்கும் பட்டன் வடிவமைப்புக்கும் உள்ள பங்கு, இருபது மில்லிமீட்டர் அகலத்துக்கு உள்ள பங்கைவிடப் பெரிது. ஈரச் சாலையில் நல்ல 195 டயர், மட்டமான 215 டயரைவிடக் குறைந்த தூரத்தில் காரை நிறுத்திவிட முடியும். பட்ஜெட் ஒன்றுதான் என்றால் ரிம்மில் மிச்சம் பிடித்து டயரில் செலவழிப்பதே புத்திசாலித்தனம். கடைகளில் பெரும்பாலும் இது தலைகீழாக நடக்கிறது: ரிம்முக்குப் பணம் முழுவதும் போய், மீதிக்குக் கிடைத்த டயரை மாட்டிக்கொண்டு போகிறார்கள்.

விட்டம்: முதல் கணக்கு

ஸ்விஃப்ட்டின் உயர்ரக மாடல்களில் நீண்டகாலம் வந்த 185/65 ஆர்15 என்ற அளவையே எடுத்துக்கொள்வோம். 185 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 65 என்பது அந்த அகலத்தில் பக்கச்சுவரின் உயரம் எத்தனை சதவீதம் என்பது. அதாவது 120 மி.மீ. ஆர் என்பது ரேடியல். 15 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். மேலும் கீழும் பக்கச்சுவரைச் சேர்த்தால் மொத்த விட்டம் 621.5 மி.மீ.

அதே ஸ்விஃப்ட்டின் அடிப்படை மாடலில் 165/80 ஆர்14 வந்தது. அதன் விட்டம் 619.6 மி.மீ. அகலத்தில் இருபது, ரிம்மில் ஓர் அங்குலம் என்று மாற்றிய நிறுவனம், மொத்த விட்டத்தில் இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் விலகவில்லை. கடையில் நாமும் பின்பற்ற வேண்டிய ஒழுங்கு இதுதான். இப்போது மற்ற அளவுகளை ஒப்பிடுவோம்.

195/60 ஆர்15: 615 மி.மீ., ஒரு சதவீதம் குறைவு.
195/55 ஆர்16: 620.9 மி.மீ., கிட்டத்தட்ட சமம்.
205/50 ஆர்16: 611.4 மி.மீ., 1.6 சதவீதம் குறைவு.
205/45 ஆர்17: 616.3 மி.மீ., 0.8 சதவீதம் குறைவு.
215/45 ஆர்17: 625.3 மி.மீ., 0.6 சதவீதம் கூடுதல்.
215/40 ஆர்17: 603.8 மி.மீ., 2.8 சதவீதம் குறைவு.

மூன்று சதவீதத்துக்குள் இருந்தால் போதும் என்பது தொழிலில் புழங்கும் பொதுவிதி. இரண்டுக்குள் நிற்பது நல்லது. பட்டியலின் கடைசி அளவைப் போட்டால் வேகமானியும் கிலோமீட்டர் மீட்டரும் நிஜத்தைவிட அதிகமாகக் காட்டும். 10,000 கிலோமீட்டர் ஓடிய கார் சுமார் 10,300 ஓடியதாகக் கணக்கு வைக்கும். தரையிடைவெளியும் ஒன்பது மில்லிமீட்டர் குறையும். விட்டம் கூடினால் இதற்கு நேர்மாறு. வேகமானி குறைத்துக் காட்டும், கியர் கனமாகத் தெரியும், பிரேக் அதிகம் உழைக்கும். ஏ.பி.எஸ்., ஈ.எஸ்.பி. போன்ற அமைப்புகள் நான்கு சக்கரங்களின் சுழற்சியையும் ஒப்பிட்டு முடிவெடுப்பவை. முன்னுக்கும் பின்னுக்கும் வெவ்வேறு விட்டமுள்ள டயரை மாட்டினால் அவை குழம்பும். நான்கு சக்கர இயக்கமுள்ள வண்டிகளில் இந்த வித்தியாசம் டிஃப்பரன்ஷியலையே கெடுத்துவிடும்.

இன்னோர் எண்ணும் பொருந்த வேண்டும்: ரிம்மின் அகலம். 185/65 ஆர்15க்கு 5 முதல் 6.5 அங்குல ரிம் பொருந்தும். 195/55 ஆர்16க்கு 5.5 முதல் 7 வரை. 205/45 ஆர்17க்கு 6.5 முதல் 7.5 வரை. ரிம் அரை அங்குலம் அகலமானால் டயரின் அகலமும் சுமார் 5 மி.மீ. விரியும். வரம்பைத் தாண்டிய அகல ரிம்மில் ஒல்லி டயரை இழுத்து மாட்டும் பாணி ஒன்று இருக்கிறது. படத்தில் அழகாக இருக்கலாம். குழியில் இறங்கும்போது டயரின் விளிம்பு ரிம்மை விட்டு நழுவினால், ஓடும் வண்டியில் காற்று ஒரே நொடியில் இறங்கிவிடும். குடும்பம் பயணிக்கும் காரில் இதற்கு இடமே இல்லை.

ரிம்மின் முதுகில் இருக்கும் எண்கள்

ரிம் வாங்கும்போது முகத்தைப் பார்த்து முடிவு செய்கிறோம். பார்க்க வேண்டியது முதுகு. ஆரங்களின் பின்புறத்திலோ நடுப்பகுதியிலோ அகலம், விட்டம், ஆஃப்செட், பி.சி.டி. ஆகியவை அச்சிடப்பட்டிருக்கும்.

பி.சி.டி. என்பது போல்ட்டுத் துளைகள் அமைந்துள்ள வட்டத்தின் விட்டம். ஸ்விஃப்ட், பலேனோ, ஹூண்டாய் ஐ20, ஹோண்டா சிட்டி போன்றவற்றில் நான்கு துளை, 100 மி.மீ. வோக்ஸ்வாகன் போலோவில் ஐந்து துளை, 100 மி.மீ. ஹூண்டாய் க்ரெட்டாவில் ஐந்து துளை, 114.3 மி.மீ. ஃபியட் புன்ட்டோவில் நான்கு துளை, 98 மி.மீ. 98க்கும் 100க்கும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. நட்டை இறுக்கினால் உட்கார்ந்துவிட்டது போலவும் இருக்கும். உண்மையில் நட்டு சாய்வாகப் பிடித்திருக்கும், போல்ட்டு ஓயாமல் வளைந்துகொண்டிருக்கும். "ரெண்டு மில்லிதானே, உட்கார்ந்துடும்" என்று யார் சொன்னாலும் அந்தக் கடையை விட்டு வெளியே வந்துவிட வேண்டும்.

நடுத்துளை அடுத்தது. ஸ்விஃப்ட்டின் ஹப் 54.1 மி.மீ. சந்தையில் விற்கும் ரிம்களில் பல கார்களுக்கும் பொருந்தட்டும் என்று நடுத்துளையைப் பெரிதாக வைக்கிறார்கள். இடைவெளியை நிரப்பும் ஹப் வளையம் போடாவிட்டால், எத்தனை முறை பேலன்ஸ் செய்தாலும் 80 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கும். வளையத்தின் விலை மிகக் குறைவு; கேட்டு வாங்காததால்தான் பலர் அவதிப்படுகிறார்கள். நட்டின் முனையும் பொருந்த வேண்டும். சில ரிம்களுக்குக் கூம்பு நட்டு, சிலவற்றுக்குக் குண்டு முனை நட்டு. ஒன்றுக்கு மற்றொன்றைப் போட்டால் விளிம்பில் மட்டும் பிடித்து, ஓட ஓடத் தளரும்.

மிக அதிகம் தவறு நடப்பது ஆஃப்செட்டில்தான். ரிம்மின் அகலத்துக்குச் சரி நடுவே ஒரு கோடு போட்டால், ஹப்பில் பொருந்தும் முகம் அந்தக் கோட்டிலிருந்து எவ்வளவு வெளிப்பக்கம் தள்ளியிருக்கிறது என்பதே ஆஃப்செட். ரிம்மில் ஈ.டி. என்று குறித்திருப்பார்கள். ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பழைய ரிம் 6 அங்குல அகலம், ஈ.டி. 45. புதிய ரிம் 7 அங்குலம், ஈ.டி. 40. பழைய ரிம்மின் பாதி அகலம் 76.2 மி.மீ. ஹப் முகத்திலிருந்து உட்பக்கம் 76.2 உடன் 45ஐக் கூட்ட 121.2; வெளிப்பக்கம் 76.2இல் 45 போக 31.2. புதியதன் பாதி 88.9. உட்பக்கம் 128.9, வெளிப்பக்கம் 48.9. அதாவது ரிம்மின் விளிம்பு உள்ளே 7.7 மில்லிமீட்டரும், வெளியே 17.7 மில்லிமீட்டரும் நகர்கிறது. உள்ளே ஷாக் அப்சார்பருக்கு அந்த எட்டு மில்லிமீட்டர் இருக்கிறதா? வெளியே மட்கார்டின் மடிப்புக்கு அந்தப் பதினெட்டு இருக்கிறதா? டேப்பை எடுத்து அளந்து பார்க்க ஐந்து நிமிடம் போதும். ரிம் 7.5 அங்குலம், ஈ.டி. 35 என்று போனால் வெளிப்பக்கம் மட்டும் 29 மி.மீ. நகரும்.

இடம் இருந்தாலும் ஆஃப்செட்டைக் குறைப்பதற்கு ஒரு விலை உண்டு. ஸ்டியரிங் எந்த அச்சைச் சுற்றித் திரும்புகிறதோ அதிலிருந்து டயரின் நடுப்பகுதி விலகிப் போகிறது. விலக விலக, சாலையின் ஒவ்வொரு தழும்பும் ஸ்டியரிங்கை இழுக்கும். ஒரு பக்கம் ஈரமாக இருக்கும் சாலையில் பிரேக் பிடித்தால் கார் ஒருபுறம் சாய்ந்து ஓடும். நெம்புகோல் நீண்டதால் வீல் பேரிங்கின் சுமையும் கூடும். தளர்வான ஸ்பேசர் தட்டுகளை வைத்துச் சக்கரத்தை வெளியே தள்ளுபவர்கள் இதே தீங்கை இன்னும் மோசமான முறையில் வரவழைக்கிறார்கள். நட்டு பிடிக்கும் மரைகளின் எண்ணிக்கையும் அங்கே குறைந்துவிடுகிறது.

சுமை: யாரும் கேட்காத கேள்வி

டயர் அளவுக்குப் பக்கத்தில் 88 எச் என்பது போல ஓர் எண்ணும் எழுத்தும் இருக்கும். எழுத்து வேக வரம்பு: டி என்றால் 190 கிலோமீட்டர், எச் 210, வி 240. எண் சுமைக் குறியீடு: 84 என்றால் 500 கிலோ, 87 என்றால் 545, 88 என்றால் 560, 91 என்றால் 615.

இங்கே பலருக்கும் வியப்பூட்டும் ஓர் உண்மை இருக்கிறது. 185/65 ஆர்15 டயரின் வழக்கமான குறியீடு 88. அதைக் கழற்றிவிட்டு 205/45 ஆர்17 என்ற அகலமான, விலை அதிகமான டயரைப் போடுகிறோம். அதன் சாதாரண வகையின் குறியீடு 84. இருபது மில்லிமீட்டர் அகலம் கூடிய டயர் ஒவ்வொன்றும் 60 கிலோ குறைவாகத்தான் சுமக்கும். காரைத் தாங்குவது ரப்பர் அல்ல, உள்ளே அடைபட்ட காற்று என்பதே காரணம். பக்கச்சுவர் 120 மில்லிமீட்டரிலிருந்து 92க்கு இறங்கும்போது காற்றுக்கான இடமும் குறைந்துவிடுகிறது.

நான்கு டயரும் சேர்ந்து 2,000 கிலோ தாங்கும்போது, ஆட்களும் சாமான்களும் ஏறினாலும் 1,300, 1,400 கிலோவுக்குள் நிற்கும் காருக்கு என்ன பயம் என்று கேட்கலாம். நின்றுகொண்டிருக்கும் காருக்குப் பயமில்லை. திடீரென பிரேக் பிடிக்கும்போது எடை முன்சக்கரங்களுக்குப் பாய்கிறது. வளைவில் வெளிப்புறச் சக்கரத்துக்குப் பாய்கிறது. வளைவில் ஒரு குழியும் வந்தால் எல்லாம் ஒரே டயரில் வந்து விழுகிறது. தயாரித்த நிறுவனம் இதற்கெல்லாம் சேர்த்தே ஓர் உபரியை வைத்திருக்கும். அந்த உபரியை அழகுக்காக விட்டுக்கொடுக்கக் கூடாது. வழி இருக்கிறது: எக்ஸ்.எல். என்று குறிக்கப்பட்ட, உள்ளமைப்பு வலுவாக்கப்பட்ட வகையை வாங்கினால் அதே 205/45 ஆர்17 அளவில் 88 கிடைக்கும். அந்தச் சுமையைத் தாங்க அதில் கொஞ்சம் கூடுதல் காற்றும் வைக்க வேண்டும். கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் காற்றழுத்த அட்டவணை பழைய அளவுக்கானது. புதிய அளவுக்கு எவ்வளவு வைப்பது என்று டயர் நிறுவனத்தின் அட்டவணையைப் பார்த்து எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

ரிம்மின் எடையும் நேர்மையும்

அலாய் வீல் என்றாலே எடை குறைவு என்று நம்புகிறோம். வார்ப்பில் செய்த மலிவான 17 அங்குல அலாய், கம்பெனியோடு வந்த சிறிய இரும்பு ரிம்மைவிடக் கனமாக இருப்பது சாதாரணம். சக்கரத்தின் எடை ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்கும் எடை. அது கூடினால் குண்டும் குழியுமான சாலையில் டயர் தரையோடு ஒட்டி ஓடாது. சுழலும் எடையும் அதுவே என்பதால் வண்டி வேகமெடுக்கவும் நிற்கவும் கூடுதல் உழைப்பு தேவைப்படும்.

உருவாக்கும் முறை மூன்று. உருக்கி அச்சில் ஊற்றுவது வார்ப்பு. விலை குறைவு, எடை அதிகம். வார்த்த ரிம்மின் வெளிவளையத்தைச் சூடாக்கிச் சுழற்றி அழுத்தி மெலிதாக்குவது ஃப்ளோ ஃபார்மிங்; நடுத்தர விலையில் நல்ல பலன். திட அலுமினியக் கட்டியைப் பெரும் அழுத்தத்தில் அடித்து உருவாக்குவது ஃபோர்ஜிங்; எடை குறைவு, வலு அதிகம், விலை மிக அதிகம். ஜப்பானின் ரேஸ் நிறுவனம் 1996இல் வெளியிட்ட டி.இ.37 என்ற ஆறு ஆர ரிம், ஃபோர்ஜிங் முறையின் பெருமைக்குச் சான்று. அதே தோற்றத்தில் வார்த்த நகல்கள் உலகெங்கும் விற்கின்றன. தூரத்திலிருந்து பார்த்தால் வேறுபாடு தெரியாது. தராசில் வைத்தால் பல கிலோ வித்தியாசம் தெரியும், பெருங்குழியில் விழும்போதும் தெரியும். கடையில் தராசு கேட்பதில் வெட்கமில்லை. ஜே.டபிள்யூ.எல்., வி.ஐ.ஏ. ஆகிய ஜப்பானியத் தர முத்திரைகளோ, நம் ஐ.எஸ்.ஐ. முத்திரையோ இருக்கிறதா என்று பார்ப்பதிலும் வெட்கமில்லை. விரிசல் விட்டதை வெல்டிங் வைத்து, பெயின்ட் அடித்து விற்கும் பழைய ரிம்மை எந்த விலைக்கும் வாங்கக் கூடாது.

டயருக்கும் பிறந்த தேதி உண்டு. பக்கச்சுவரில் நான்கு இலக்கமாக அச்சிடப்பட்டிருக்கும். 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். அதிகம் விற்காத அகல அளவுகள் கடையில் நெடுநாள் கிடக்க வாய்ப்பு உண்டு. ஆகவே அகல டயர் வாங்குபவர் இந்த எண்ணைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

நம் சாலையும் நம் மழையும்

அறிவிப்பில்லாத வேகத்தடை, கேபிள் பதித்து அரைகுறையாக மூடிய பள்ளம், பாலத்தின் இணைப்பில் நீட்டிய இரும்பு ஆகிய மூன்றும் தமிழ்நாட்டில் தினமும் ஓட்டுபவருக்குப் பழக்கம். பக்கச்சுவரில் 120 மில்லிமீட்டர் இருந்தால் அடியில் பெரும்பகுதியை அது விழுங்கிவிடும். 92 மட்டும் இருந்தால் குழியின் விளிம்புக்கும் ரிம்முக்கும் நடுவே டயர் நசுங்கி, உள்ளே நூல் அறுந்து, பக்கவாட்டில் குமிழ் வீங்கும். குமிழ் வந்த டயரைப் பஞ்சர் கடையில் சரிசெய்ய முடியாது. தூக்கித்தான் போட வேண்டும். 15 அங்குலத்தில் ஓட்டும்போது கவனிக்காமல் கடந்துபோன குழிகள் எல்லாம் 17 அங்குலத்தில் ரிம்மின் விலையாகிவிடும்.

மழையைப் பற்றி இன்னும் அக்கறையாகப் பேச வேண்டும். சாலையில் தேங்கிய நீரை டயர் வெளியேற்ற முடியாதபோது நீர்ப்படலத்தின் மேல் கார் மிதக்கிறது. அப்போது பிரேக்கும் ஸ்டியரிங்கும் வெறும் அலங்காரம். 1960களில் நாசாவின் ஆய்வாளர்கள் விமான டயர்களைச் சோதித்து ஒரு விதியைக் கண்டார்கள்: தேங்கிய நீரில் மிதப்பு தொடங்கும் வேகம் காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. அந்தக் கணக்கில் 32 பி.எஸ்.ஐ.க்கு மணிக்குச் சுமார் 94 கிலோமீட்டர். காற்று 24க்கு இறங்கினால் சுமார் 82 கிலோமீட்டரிலேயே மிதப்பு தொடங்கும். பரப்பின் வடிவத்துக்கும் பங்கு உண்டு என்பது பின்னர் தெளிவானது. அகலமாகவும் குட்டையாகவும் இருக்கும் பரப்பு அதிக நீரைக் குறைந்த நேரத்தில் தள்ள வேண்டியிருப்பதால் சீக்கிரமே மிதக்கும். வடகிழக்குப் பருவமழையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓட்டுபவருக்கு இதன் பொருள் நேரடியானது. அகல டயர் போட்டால் வேகத்தைக் குறைக்க வேண்டும், காற்றை ஒழுங்காகப் பார்க்க வேண்டும், பட்டன் தேயத் தொடங்கியதுமே மாற்ற வேண்டும். சட்டம் ஏற்கும் 1.6 மி.மீ. ஆழம் வரை ஓட்டலாம் என்ற எண்ணம் அகல டயருக்கு ஒத்துவராது. மூன்று மில்லிமீட்டரில் மாற்றுவதே பாதுகாப்பு.

மைலேஜ் குறையும். ஸ்டியரிங் கனக்கும். சத்தம் கூடும். இவையெல்லாம் தெரிந்து ஏற்றுக்கொள்ளக்கூடிய விலைகள். ஸ்டெப்னியை மட்டும் மறந்துவிடக் கூடாது. பழைய அளவில் கிடக்கும் ஸ்டெப்னியின் விட்டம் புதிய சக்கரத்தோடு ஒத்துப்போக வேண்டும். அதன் நட்டு வேறு வகை என்றால் அதையும் வண்டியிலேயே வைத்திருக்க வேண்டும்.

சட்டமும் காப்பீடும்

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து பதிவுச் சான்றிதழ் மாறுபடும்படி வாகனத்தை மாற்றியமைக்கக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவைக் கண்டிப்பாக வாசித்தது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தம், அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்க வழி செய்தது. டயர் மாற்றும் எல்லோரையும் இது குற்றவாளி ஆக்குகிறது என்று பொருளில்லை. உங்கள் மாடலின் ஏதாவது ஒரு வகைக்குத் தயாரிப்பாளரே அங்கீகரித்த அளவு என்றால் எந்தச் சிக்கலும் வராது. அந்த எல்லையைத் தாண்டும்போதும், டயர் மட்கார்டுக்கு வெளியே துருத்தும்போதும் கேள்வி வரும்.

அதைவிடப் பெரிய ஆபத்து காப்பீட்டில் இருக்கிறது. மாற்றத்தைச் சொல்லாமல் மறைத்தால், விபத்துக்குப் பிறகு இழப்பீடு கேட்கும்போது நிறுவனம் அதையே காரணமாக்கலாம். ரிம்முக்கும் டயருக்கும் பில் வாங்கி, காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்து, கூடுதல் பிரீமியம் கேட்டால் கட்டிவிடுவது நிம்மதி.

யாருக்கு எது?

குடும்பத்தோடு ஊருக்கும் அலுவலகத்துக்கும் போகும் 185/65 ஆர்15 காருக்கு 195/60 ஆர்15 போதும், அதுவும் இருக்கும் ரிம்மிலேயே. ரிம்முக்கு வைத்திருந்த பணத்தில் ஈரச் சாலையில் நன்றாகப் பிடிக்கும் டயர் நான்கு வாங்கினால், காரின் குணத்தில் தெரியும் மாற்றம் 17 அங்குலத்தில் கிடைப்பதைவிட நிறைவானது. தோற்றமும் வேண்டும், ஓட்டத்திலும் கூர்மை வேண்டும் என்பவருக்கு 195/55 ஆர்16. விட்டம் மாறாது, பக்கச்சுவரில் 107 மில்லிமீட்டர் மிச்சமிருக்கும். பலேனோ, ஐ20 கார்களின் உயர்ரக மாடல்களில் நிறுவனமே கொடுத்த அளவு என்பதால் டயரும் எளிதாகக் கிடைக்கும். 6.5 அங்குல ரிம், கம்பெனி ஆஃப்செட்டுக்கு ஐந்து மில்லிமீட்டருக்குள் என்று நின்றுவிடுவது நல்லது. எஞ்சின், பிரேக், சஸ்பென்ஷன் எல்லாவற்றையும் மாற்றிப் பந்தயப் பாதையில் ஓட்டுபவருக்கு மட்டுமே 205ம் 215ம் நியாயமான அளவுகள். அவருக்கும் 15 அல்லது 16 அங்குலத்தில் எடை குறைந்த ரிம்மே உதவும். வெறும் தோற்றத்துக்காக 17 வேண்டும் என்பவர், எக்ஸ்.எல். டயரையும் இரவில் மெதுவாக ஓட்டும் பழக்கத்தையும் சேர்த்தே வாங்க வேண்டும்.

எந்த அளவானாலும் மாட்டிய பிறகு செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. ஐந்து பேரை ஏற்றி, ஸ்டியரிங்கை இருபுறமும் முழுவதும் திருப்பி, ஒரு வேகத்தடை மேல் மெதுவாக ஏறி இறங்க வேண்டும். மட்கார்டின் உட்பக்க லைனரிலும் டயரின் தோளிலும் உரசிய தடம் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். தடம் இருந்தால் அந்த அளவு அந்தக் காருக்கு இல்லை. மட்கார்டைத் தட்டி மடிப்பது தீர்வாகாது. பிறகு வீல் அலைன்மென்ட், பேலன்சிங். நூறு கிலோமீட்டருக்குள் எல்லா நட்டுகளையும் கையேட்டில் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சால் மறுபடி இறுக்க வேண்டும்.

கார் மாற்றியமைப்பு நம் ஊரில் ஒரு நல்ல கலையாக வளர்ந்து வருகிறது. இளைஞர்களின் ஆசையும் உழைப்பும் அதில் இருக்கிறது. அந்த ஆசையை மதிக்கிறேன். அதை மதிக்கும் கடைக்காரர், ரிம்மைச் சுவரிலிருந்து இறக்குவதற்கு முன் ஒரு தாளில் ஐந்து விவரங்களை எழுதிக் காட்ட வேண்டும்: பழைய விட்டமும் புதிய விட்டமும், உள்ளும் வெளியும் எத்தனை மில்லிமீட்டர் நகரும் என்பது, பி.சி.டி.யும் நடுத்துளையும், சுமைக் குறியீடு, புதிய காற்றழுத்தம். வாங்குபவர் அந்தத் தாளைக் கேட்டு வாங்க வேண்டும். ஐந்தும் பொருந்தினால் எந்த அகலம் வந்தாலும் அது சரியான அகலம். ஒன்று பொருந்தாவிட்டாலும் அந்தச் சக்கரத்தைக் கடையிலேயே விட்டுவிட்டு வருவதுதான் காருக்கும் அதில் ஏறுபவர்களுக்கும் நாம் செய்யும் நியாயம்.